மூன்றடிக்கு ஒரு வரி

லேக் மார்க்கெட், கொல்கத்தா
மகாளய அமாவாசைக்கு முதல் நாள்

சிரஞ்சீவி சந்தானத்துக்கு, உன் அத்திம்பேர் ரங்கநாதன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

இவ்விடத்தில் நானும் உன் அக்கா கனகவல்லியும் குழந்தை அக்ஷராவும் சௌக்கியம். மற்றவர்கள் இதை யோசிக்காமல் எழுதிவிடுவார்கள். நான் இரண்டு டாக்டர்களைப் பார்த்து, ஃபீஸ் கட்டி, உறுதி செய்துகொண்டு எழுதுகிறேன். கும்பகோணத்தில் நீயும் ஷியாமளாவும் இதே அளவு சௌக்கியமாக, ஆனால் டாக்டர் செலவில்லாமல் இருக்கவேண்டும் என்று பெருமாளைப் பிரார்த்திக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நான் போனில் தழுதழுத்த குரலில், "சந்தானம், என் மூளை போயிடுத்துடா, நீ வந்து கடையை எடுத்துக்கோ" என்று சொன்னேன் அல்லவா, அதை இந்தக் கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்குகிறேன். ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரிடையர் ஆன நாளிலிருந்து 'ஒரு தரமாவது கல்லால உக்காரணும் அத்திம்பேர்' என்று நீ ஏங்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். என் மூளை போய்விட்டது என்று கேட்டதும், ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், 'எந்த ரயில்ல வரட்டும்?' என்று நீ கேட்டதும் நினைவிருக்கிறது. என் ஞாபகசக்தி நன்றாக இருப்பதற்கு அதையே ஒரு அத்தாட்சியாக வைத்துக்கொள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ நடுவில் புகுந்து பேசுவாய். இதில் நடந்த அதிசயத்தை நடுவில் யாரும் பேசாமல் கேட்டால்தான் புரியும், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் வியாபாரமே இன்டர்நெட்டில்தான் நடக்கிறது. குண்டூர் மிளகாய், ஈரோடு மஞ்சள், சிக்மகளூர் காப்பிக்கொட்டை, எது ஏறும் எது இறங்கும் என்பதை முன்பெல்லாம் போஸ்தா மொத்த பஜாரில் நாலு பேரோடு டீ குடித்துத் தெரிந்துகொள்வேன். இப்போது அந்த நாலு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிறார்கள். என் போனில் எழுத்தெல்லாம் கடுகு சைஸ். பெரிதாக்கினால் ஒரு வார்த்தைதான் தெரிகிறது, அடுத்த வார்த்தைக்கு விரலால் தள்ளிக்கொண்டே போகவேண்டும். இதை நான் தினமும் புலம்ப, ஸெக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற அக்ஷரா, "அப்பா, என் பழைய கம்ப்யூட்டர்ல உனக்கு ஒரு மானிட்டர் வாங்கி மாட்டித் தரேன், ப்ளீஸ் புலம்பாதே" என்றாள். கம்ப்யூட்டர் கடைக்கு அழைத்துப் போனாள். அவள் காட்டியது ஒரு சாதாரண அளவு. நான் பார்த்தது அதற்குப் பின்னால், சுவர் முழுக்க நின்ற ஒன்று. ஏறக்குறைய மூன்றடி அகலம், லேசாக வளைந்து, நம்மைக் கட்டிக்கொள்ள வருகிற மாதிரி. அதன் எதிரே போய் நின்றேன். பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள். என்னை இருபது வயதிலிருந்து தெரிந்தவன் நீ, உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நம் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. துர்கா பிரதிமையை லாரியிலிருந்து இறக்குகிற மாதிரி இரண்டு பேர் அந்தப் பெட்டியைச் சாய்த்துப் பிடித்து, 'பாயே, பாயே' என்று ஒருவருக்கொருவர் இடது பக்கம் ஒதுங்கச் சொல்லிக்கொண்டு மேலே ஏற்றினார்கள். வைக்க இடம் சாப்பாட்டு மேஜைதான். கனகவல்லி பார்த்துவிட்டு, "ஏன்னா, இது டிவியா, வாசக்கதவா?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, சந்தானம், அதைப் போட்டதும் ஒரு பனிமலை வந்தது பார், அவளும் கிட்டே வந்து நின்றாள். அந்த மலையின் ஒரு அடிவாரத்திலிருந்து மறு அடிவாரத்துக்குப் பார்க்கக் கழுத்தைத் திருப்பவேண்டியிருந்தது. உள்ளே போய்க் குங்குமம் எடுத்து வந்து ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். எதிர் ஃபிளாட் மித்ர பாபு, நம் கடையில் காப்பிப்பொடி வாங்குகிறவர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். "ஓ மா! எத்தோ பொடோ!" எவ்வளவு பெரிசு என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, பிறகு உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். காப்பி கொடுத்தோம், குடித்தார். படம் எதுவும் ஓடவில்லை, மலை மட்டும்தான்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். நம் கடை உனக்குத் தெரியும். மார்க்கெட்டுக்குள் ஒவ்வொரு அங்குலத்துக்கும் வாடகை. அதனால் நம் கடையில் காலி இடம் என்பதே கிடையாது. உத்தரத்திலிருந்து அப்பளக் கட்டு தொங்கும், அப்பளக் கட்டிலிருந்து வத்தல் பாக்கெட் தொங்கும், என் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் நல்லெண்ணெய் டின் இருக்கும். அப்படியே வளர்ந்தவன் நான். மானிட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் நடுவில் கொஞ்சம் எழுத்து, இரண்டு புறமும் வெள்ளையாகச் சும்மா கிடக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. மூன்றடிக்குக் காசு கொடுத்துவிட்டு ஒரு அடியில் படிப்பதா? அக்ஷராவைக் கூப்பிட்டு, இதை ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் அடைத்துக் கொடு என்றேன். "முழுசா விரிச்சு வெச்சுண்டு படிக்காதேப்பா, பாதில வெச்சுக்கோ" என்றாள். "பாதில வெச்சுக்கறதுக்குப் பாதியே வாங்கியிருக்கலாமேடி" என்றேன். "சரி, உன் திரை, உன் இஷ்டம்" என்று எப்படி விரிப்பது என்று காட்டிவிட்டு ஆபீஸ் வேலையாக ஹைதராபாத் போய்விட்டாள். சில பக்கங்கள் எவ்வளவு விரித்தாலும் நடுவிலேயே நிற்கும், ஓரம் விட்டுத்தான் தீருவேன் என்று அடம் பிடிக்கும். அந்த மாதிரிப் பக்கங்களை நான் திரும்பிப் பார்க்கவில்லை. மார்க்கெட் ரிப்போர்ட் போடுகிற பக்கம் அப்படியில்லை, நம் கடை மாதிரி. எவ்வளவு இடம் கொடுத்தாலும் அவ்வளவுக்கும் சரக்கு அடுக்கும். ஒரு வரி இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடியில் போய் முடியும். வரி ஒவ்வொன்றும் ராஷ்பிஹாரி அவென்யூ ரோடு மாதிரி நீளம். அதைப் பார்த்து நான் அடைந்த பெருமிதம் கொஞ்சமல்ல.

அதற்கப்புறம்தான் என் மூளை கழன்றது. முதலில் வீட்டுக்குறிப்பு. முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று ஒரு பக்கத்தில் படித்துவிட்டு, கனகவல்லியைக் கூப்பிட்டு, "தினமும் காலைல வெந்நீர்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தரையைத் துடைச்சா முழங்கால் வலி போயிடுமாம்" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்குப் போகும்? துடைக்கறவளுக்கா, சோபால உக்காந்து பாக்கறவருக்கா?" என்று கேட்டாள். திரும்பப் போய்ப் படித்தேன். அந்த வரியைக் காணோம். எலுமிச்சம்பழம் ஒரு வரியில் இருந்தது, தரை அதற்கு மூன்று வரி கீழே எறும்புத் தொல்லையில் இருந்தது, நடுவில் இருந்த வரிகளை நான் பார்த்ததாகவே ஞாபகமில்லை. சரி, வயசு என்று விட்டேன். பிறகு ஒரே வரியை மறுபடி மறுபடி படித்துக்கொண்டு, ஒவ்வொரு தரமும் 'அப்படியா' என்று தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதையும் விட்டேன். கடைசியில் மார்க்கெட் ரிப்போர்ட். மஞ்சள் கடுமையாக ஏறப்போகிறது என்று என் இரண்டு கண்ணாலும் படித்தேன் சந்தானம். படித்து, ஈரோட்டுக்குப் போன் செய்து, மூட்டை மூட்டையாக வரவழைத்தேன். வந்து இறங்கிய பிறகு மஞ்சள் விலை படுத்துக்கொண்டது. ஏறியது மிளகாய். பெங்காலிக் கல்யாணத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் உடம்பெல்லாம் மஞ்சள் பூசுவார்களே, காயே ஹோலுத் என்று, இந்த ஊரில் இந்த வருஷம் நடக்கிற அத்தனை கல்யாணத்துக்கும் நான் ஒருத்தனே பூசிவிடலாம்.

அன்று சாயங்காலம்தான் எனக்குப் பயம் வந்தது. சரக்கு போனால் வரும். இந்தக் கடையை நான் ஒரு அரைக்கும் மெஷினும் ஒரு ஸ்டூலும் வைத்து ஆரம்பித்தவன், என்னிடம் இருந்த கைமுதல் இந்தத் தலை ஒன்றுதான். என் பெரியண்ணா கடைசிக் காலத்தில் என்னையே பார்த்து, 'யாரைத் தேடறேள்?' என்று மரியாதையாகக் கேட்டார், நீயும் பக்கத்தில் நின்றாய். அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது. இன்றைக்கு ஒரு வரியைத் தொலைக்கிறவன் நாளைக்கு வாடிக்கையாளர் முகத்தைத் தொலைப்பான். கனகவல்லியிடம் மட்டும் சொன்னேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள், கிண்டல் ஒன்றும் செய்யவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "நீங்க ஆத்துல ரெஸ்ட் எடுங்கோ, கடையை நான் பாத்துக்கறேன்" என்று சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். நான் உனக்குப் போன் செய்தேன். அக்ஷராவிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை, ஊரில் இல்லாத குழந்தையை எதற்குக் கலவரப்படுத்துவது.

பாலிகஞ்சில் கண் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், முகத்தில் எப்போதும் சிரிப்பு. சுவரில் இருந்த எழுத்தையெல்லாம் கடைசி வரி வரைக்கும் படித்தேன், அதற்கும் கீழே அச்சாபீஸ் பெயர் பொடியெழுத்தில் இருந்தது, அதையும் படித்தேன். "சோக் ஏக்தம் டிக் ஆச்சே, காக்கு" என்றாள். கண் சுத்தமாக இருக்கிறதாம். கண்ணில் குறை இல்லை என்றால் குறை பின்னால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பவானிபூரில் மூளை டாக்டரிடம் போனேன். அவர் மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கல்லாவில் உட்கார்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? மூச்சு விடாமல் கழித்து இரண்டில் வந்து நின்று, "மேலே கடன் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அந்த மூன்று வார்த்தையையும் ஒப்பித்தேன். தலைகீழாகவும் ஒப்பித்தேன். "உங்கள் மூளையை எனக்குக் கொடுத்துவிட்டு என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு இதில் சந்தோஷம் வரவில்லை. டாக்டருக்கே தெரியாத வியாதி என்றால் அது எவ்வளவு பெரிய வியாதியாக இருக்கவேண்டும்!

நவராத்திரி வருகிறதே என்று கனகவல்லி கொலுப்பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கினாள். வைக்க இடம் கேட்டாள். நான் என் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வியாதி எனக்கு. அவள் கடைக்குப் போகிற அவசரத்தில், மானிட்டருக்கு முன்னால் இந்தப் பக்கம் தசாவதாரப் பெட்டி, அந்தப் பக்கம் செட்டியார் பெட்டி என்று மேஜை மேலேயே அடுக்கிவிட்டாள். "என்னடி இது, திரையே தெரியலை!" என்றேன். "நடுவுல தெரியறதே, போறாதா? சாப்பாட்டு மேஜைல சாதம் வெக்க எடமில்லாம எத்தனை நாளா நான் மடியில வெச்சுண்டு சாப்பிடறேன், கேட்டேளா?" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டாள். பெட்டியை நகர்த்தியிருப்பேன். ஆனால் நகர்த்தினால் அவள் ஜெயித்ததாக ஆகுமோ, நான் தோற்றதாக ஆகுமோ, ஏதோ ஒரு ரோஷம். உட்கார்ந்தேன். இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. ரிப்போர்ட் பக்கத்தின் இடது ஓரம் பெருமாளின் மச்ச அவதாரத்துக்குப் பின்னால் போயிருந்தது. அக்ஷரா சொல்லிக் கொடுத்த மாதிரி ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

சந்தானம், அப்போது நடந்ததை நான் எப்படி எழுதுவேன்! அந்த வரிகள் மடிந்தன. கஞ்சி போட்ட புடவையைக் கொசுவுகிற மாதிரி, நான் இழுக்க இழுக்க ஒவ்வொரு வரியும் தானாக மடிந்து கீழே கீழே இறங்கிக்கொண்டு, ஒரு எழுத்து சிந்தாமல், ஒரு வார்த்தை உடையாமல், அந்த ஒரு முழத்துக்குள் போய் உட்கார்ந்தது.  வெளியே இழுத்தால் விரிகிறது, உள்ளே தள்ளினால் மடிகிறது. எழுதினவன் எங்கேயோ இருக்கிறான், என் வீட்டுக் கொலுப்பெட்டி நடுவில் இடம் இவ்வளவுதான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? படிக்க ஆரம்பித்தேன். முதல் வரி முடிந்தது, அடுத்த வரியில் கண் போய் நின்றது. அது முடிந்தது, அதற்கடுத்த வரி. மஞ்சள் மஞ்சளாகவே ஆரம்பித்து மஞ்சளாகவே முடிந்தது. மிளகாய் மிளகாயாக. கடைசி வரை படித்துவிட்டேன், ஒரு இடத்தில் தடுக்கவில்லை. பெட்டிகளைத் தரையில் இறக்கி மறுபடி மூன்றடிக்கும் விரித்தேன். தொலைந்துபோனேன். சுருக்கினேன். கிடைத்துவிட்டேன். விரித்தேன், சுருக்கினேன், ஹார்மோனியம் வாசிக்கிற மாதிரி. எனக்கு ஒன்றுமில்லை! என் தலைக்கு ஒன்றுமில்லை! கண் என்பது கைவண்டி இழுக்கிறவன் மாதிரி. சரக்கை ஏற்றிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் போவான், திரும்பி வரும்போது வெறும் வண்டியோடு வருவான். தெரு சின்னதாக இருந்தால் சரியாக அடுத்த கடை வாசலில் வந்து நிற்பான். தெருவை ஒரு மைல் நீளத்துக்குப் போட்டுவிட்டு, அவன் மாறி நாலாவது கடையில் நுழைந்தால் அவனுக்கு மூளை இல்லை என்பதா?

கடைக்குப் போன் செய்தேன். "கனகம், எனக்கு மூளை இருக்கு!" என்று கத்தினேன். "கடைல கூட்டமா இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

மேஜை டிராயரைக் குடைந்து பழைய செய்தித்தாள்களை எடுத்தேன். இத்தனை வருஷம் அதில் கடுகும் சீரகமும் பொட்டலம் கட்டியவன், ஒரு நாளாவது யோசித்தேனா? அவ்வளவு பெரிய காகிதத்தை வைத்துக்கொண்டு பத்திரிகைக்காரன் ஏன் பத்தி பத்தியாகக் கிழித்துப் போடுகிறான்? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே வரியாக அடித்திருக்கக் கூடாதா? யாரோ ஒரு மகான், பேர் தெரியாது ஊர் தெரியாது, கண்ணுக்கு நடக்கிற தூரம் இவ்வளவுதான் என்று கண்டுபிடித்து நடுவில் சந்து விட்டிருக்கிறான். எழுந்து நின்று அந்தக் காகிதத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன். ரொம்பச் சுருக்கினாலும் உதவாது, அதையும் பார்த்துவிட்டேன். ஒரு வரிக்கு இரண்டு வார்த்தை என்று வைத்தால் கண் படியிறங்குகிற மாதிரி குதித்துக்கொண்டே இருக்கிறது, மூச்சு வாங்குகிறது. எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்கி, என் கைக்கு ஒரு சாணும் நாலு விரலும் வைத்தால் சுகம். உன் கைக்கு எவ்வளவு என்று நீ பார்த்துக்கொள்.

அக்ஷரா ஊரிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். மூளை டாக்டர் வரைக்கும் போனேன் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா! மொத நாளே சொன்னேனே, முழுசா விரிக்காதேன்னு!" "ஏன்னு சொல்லலையேடி." "நீ எங்கே கேட்டே? பாதித் திரையே வாங்கியிருக்கலாமேன்னு என் வாயை அடைச்சே." அப்புறம் அவளுக்கே கண் கலங்கிவிட்டது. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு வித்தை காட்டினாள். ஒரு பொத்தானை அழுத்தினால் விளம்பரம், படம், பளிச் பளிச் எல்லாம் மறைந்து, எழுத்து மட்டும் நடுவில் வந்து நிற்கிறது, வரிக்கும் வரிக்கும் நடுவில் மூச்சு விட இடத்தோடு. நான் ஓரம் விடுகிறதே என்று திட்டிக்கொண்டிருந்தேனே, அந்தப் பக்கங்களெல்லாம் என் மேல் இரக்கப்பட்டு ஓரம் விட்டவை என்று அப்போதுதான் தெரிந்தது. "அப்ப மிச்ச அகலம் எதுக்கு?" என்று கேட்டேன். "அதுல வேற வேலை பாரு. ஒரு பக்கம் ரேட்டு, ஒரு பக்கம் ஆர்டர், நடுவுல படிக்கறது." ஒரே கூரையில் மூன்று கடை! ஆனால் நான் இரண்டு பக்கமும் ஒன்றும் வைக்கவில்லை. என் ஆயுசில் முதல் முறையாகக் காசு கொடுத்து வாங்கின இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அதன் நடுவில் உட்கார்ந்து படிக்கிறேன். இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆகையினால் சந்தானம், கடைக்கு ஆள் தேவையில்லை. நாளைக் காலை நானே போய்க் கல்லாவில் உட்காருகிறேன். இன்னும் பத்து வருஷம் எழுந்திருப்பதாக உத்தேசமில்லை. உனக்கு வருத்தமாக இருக்கும், எனக்கும் தெரிகிறது. பெரியவன் சொல்கிறேன், ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் கும்பகோணத்திலேயே இரு. ஷியாமளாவுக்கு என் ஆசீர்வாதம். கொலுவுக்கு மஞ்சள் வேண்டுமானால் எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு, மூளைக்கு டாக்டர் சான்று பெற்ற,
உன் அத்திம்பேர்
ரங்கநாதன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்கு முன்னால் கடைக்குப் போனேன். டிக்கெட்டை ரத்து செய்யாதே. உத்தரத்தில் தொங்கின அப்பளக் கட்டெல்லாம் காணோம், வாசல் பக்கம் பாதி காலி, தெருவிலிருந்து பார்த்தால் கடையின் பின்சுவர் தெரிகிறது. அப்படி ஒரு சுவர் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. உள்ளே நாலு பேர் நின்று பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறார்கள். பௌதி, அதாவது மன்னி, வந்த பிறகுதான் கடைக்குள்ளே காற்று வருகிறது என்று மித்ர பாபு பெங்காலியில் என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் கல்லாப் பக்கம் போய், "சரி, எழுந்திரு" என்றேன். கனகவல்லி சில்லறை எண்ணுவதை நிறுத்தவில்லை. "எதுக்கு எழுந்திருக்கணும்?" என்றாள். "எனக்குத்தான் சரியாயிடுத்தே." "சந்தோஷம். மூளை நன்னா இருக்கறவாதான் ஆத்தைப் பாத்துக்க முடியும். குக்கர் மூணு விசில், மறந்துடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பொட்டலம் கட்டப் போய்விட்டாள். ஆகவே நீ புறப்பட்டு வா. கல்லா உனக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. ஆனால் பகல் பூராவும் நான் தனியாக இருக்கிறேன், நீ சுமாராக ரசம் வைப்பாய் என்று ஷியாமளா ஒரு தரம் சொன்னாளே, அது நிஜந்தானே?